சங்கத்துக்கு நிதி கொடுக்கப் போகிறீர்களா? ஒரு பொருளாளர் எழுதும் முழு வழிகாட்டி

எங்கள் ஊர் இலக்கியச் சங்கத்தில் நான் பொருளாளர் பொறுப்பேற்ற அன்று, பழைய பொருளாளர் ஒரு மஞ்சப்பையைக் கையில் கொடுத்தார். உள்ளே 11 வைப்புத்தொகை ரசீதுகள் இருந்தன. எல்லாம் 1980களில் யார் யாரோ தங்கள் அப்பா பெயரிலும் அம்மா பெயரிலும் வைத்துவிட்டுப் போன அறக்கட்டளை நிதிகள். ஒன்பது 5,000 ரூபாய், இரண்டு 7,500 ரூபாய். ஒவ்வொன்றின் பேரிலும் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடத்த வேண்டும். எந்த மாதம், என்ன தலைப்பு என்பதெல்லாம் அந்தந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தது.

பத்து சதவீத வட்டி கிடைத்த காலத்தில் 5,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 500 ரூபாய் வந்தது. பேச்சாளருக்கு பஸ் கட்டணம், மண்டப வாடகை, துண்டு நோட்டீஸ், வந்தவர்களுக்குக் காபி எல்லாமே அதற்குள் அடங்கியது. நான் கணக்கைக் கையில் வாங்கியபோது வட்டி ஆறரை சதவீதம், அதாவது 325 ரூபாய். பொன்னாடைக்கே 280 போய்விடும். மிச்சம் 45 ரூபாயில் நாற்பது பேருக்கு டீ எங்கிருந்து கொடுப்பது? பேச்சாளர்கள் சொந்தக் காசில் வந்து போனார்கள். சில ஆண்டுகளில் ஒரே மாலையில் மூன்று அறக்கட்டளைச் சொற்பொழிவுகளை அடுக்கி நடத்தி, 'நடத்தினோம்' என்று மினிட் புத்தகத்தில் எழுதினோம்.

அந்தப் பதினொரு பேரும் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். கொடுத்த முறையில்தான் கோளாறு. அதனால் இதை எழுதுகிறேன். ஒரு துறையை, ஒரு மொழியை, ஒரு கலையை, ஒரு பொதுக் காரியத்தை வளர்ப்பதற்கென்று பதிவு செய்து நடக்கும் சங்கம் ஒன்றுக்கு நீங்கள் கணிசமான தொகை தர நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தமிழ்ச் சங்கமாக இருக்கலாம், வானியல் ஆர்வலர் கழகமாக இருக்கலாம், நூலகச் சங்கமாக இருக்கலாம். வழி ஒன்றுதான்.

முதல் படி: கொடுக்கப்போகும் இடம் என்ன வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெயர்ப் பலகையில் 'சங்கம்' என்று இருந்தால் மட்டும் அது சட்டப்படி சங்கம் ஆகிவிடாது. அறக்கட்டளையாக, அதாவது டிரஸ்டாக, பதிவு செய்துவிட்டுச் சங்கம் என்று பெயர் வைத்திருப்பவர்கள் உண்டு. டிரஸ்டில் அறங்காவலர்கள்தான் எல்லாம். பத்திரத்தில் அப்படி எழுதியிருந்தால் ஆயுள் முழுக்க அவர்களே இருக்கலாம். சங்கம் உறுப்பினர்களுடையது. தமிழ்நாட்டில் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். மாவட்டப் பதிவாளரிடம் பதிவு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். செயற்குழுவின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது.

கொடுப்பவருக்கு இதில் கவனிக்க வேண்டியது அந்த மூன்று ஆண்டுதான். இன்று உங்களோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே 'அய்யா, நீங்க சொன்னபடியே செஞ்சிடுவோம்' என்று சொல்லும் செயலாளர், அடுத்த தேர்தலுக்குப் பிறகு இல்லாமல் போகலாம். அவர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டது அடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. எழுத்தில் இருப்பது மட்டுமே தங்கும்.

இவ்வளவு தொல்லை இருக்கும்போது ஏன் சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும், தனி ஆளுக்கே உதவலாமே என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து வருவது அது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது 1928இல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கம். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் அதன் உயிர்நாடி. தொடங்கிய மறு ஆண்டே நூலகர்களுக்குக் கோடைக்காலப் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அதைப் பின்னால் சென்னைப் பல்கலைக்கழகமே ஏற்று நடத்தியது. பயிற்சி கொடுப்பது, ஆண்டுக்கணக்கில் விடாமல் அரசின் கதவைத் தட்டுவது, பிறகு ஒரு சட்டம். இந்த நெடு ஓட்டத்தை ஒற்றை ஆளால் ஓட முடியாது. ரங்கநாதன் இருந்தும் அவருக்கே ஒரு சங்கம் வேண்டியிருந்தது.

இரண்டாம் படி: விழாவுக்குப் போகாதீர்கள், சாதாரணக் கூட்டத்துக்குப் போங்கள்

ஆண்டு விழாவில் எல்லாச் சங்கமும் நன்றாகத்தான் இருக்கும். வாழைமரம், குத்துவிளக்கு, வரவேற்புரை. நீங்கள் போக வேண்டியது ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நடக்கும் மாதாந்திரக் கூட்டத்துக்கு. எத்தனை பேர் வருகிறார்கள், ஐம்பது வயதுக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா, தலைவரை எதிர்த்து ஒருவர் பேசினால் சிரித்துக்கொண்டு கேட்கிறார்களா, முறைக்கிறார்களா என்று பாருங்கள். நூலகம் இருந்தால் ஒரு புத்தகத்தை உருவிப் பாருங்கள். மேலே படிந்திருக்கும் தூசி ஆண்டறிக்கையைவிட உண்மை பேசும்.

பிறகு கூச்சப்படாமல் காகிதங்களைக் கேளுங்கள். பதிவுச் சான்றிதழ், துணைவிதிகள், கடைசி மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை, தற்போதைய செயற்குழுப் பட்டியல் பதிவாளரிடம் தாக்கலானதற்கான அத்தாட்சி, பான் அட்டை, வருமான வரித் துறையின் 12ஏபி பதிவும் (சங்கத்தின் வருமானத்துக்கு வரி விலக்கு தருவது) 80ஜி ஒப்புதலும் (கொடுப்பவருக்கு வரிக் கழிவு தருவது). வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறதா, காசோலையில் இரண்டு பேர் கையெழுத்துப் போடுகிறார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். 'தலைவர் அக்கவுண்டுக்கே போட்டுடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்' என்றால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

தணிக்கை அறிக்கையில் லாப நஷ்டம் பார்க்கிற கண்ணோடு பார்க்காதீர்கள். நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன். ஒன்று, சந்தா வருமானம். தொகை சின்னதாக இருந்தாலும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தால் அங்கே உறுப்பினர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு, ஏற்கெனவே இருக்கும் அறக்கட்டளை நிதிகள் தனித்தனித் தலைப்பில் காட்டப்பட்டிருக்கின்றனவா, இல்லை பொதுக் கணக்கில் கரைந்துவிட்டனவா. உங்கள் பணத்துக்கு நாளை என்ன ஆகும் என்பதற்கு நேற்று வந்த பணத்துக்கு என்ன ஆனது என்பதுதான் சாட்சி. மூன்று, 'தரவேண்டிய தொகை' என்ற தலைப்பில் செயற்குழு உறுப்பினர் யாருடைய சொந்தக் காசாவது நிற்கிறதா. நின்றால் அதைத் தப்பு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பல சின்னச் சங்கங்களில் கரண்ட் பில்லைச் செயலாளர் தன் பாக்கெட்டிலிருந்துதான் கட்டுகிறார். ஆனால் அது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. இரண்டு அணி, இரண்டு தலைவர், இரண்டு லெட்டர்பேடு, நடுவில் நீதிமன்றம் என்று நிற்கும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு வரும்வரை பொறுத்திருங்கள்.

மூன்றாம் படி: எதற்குக் கொடுப்பது

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

கொல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அரசு உதவியை எதிர்பார்க்காமல் இந்தியர்கள் நன்கொடையிலேயே, இந்தியர்கள் நிர்வாகத்திலேயே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் நடக்க வேண்டும் என்பது அவர் கனவு. பௌபஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடம். வசதி படைத்தவர்கள் கொடுத்தார்கள். விஜயநகரம் மகாராஜா ஆய்வுக்கூடம் கட்ட 40,000 ரூபாய் கொடுத்தார். (ஹம்பி விஜயநகரம் இல்லை, ஆந்திரக் கடலோரத்து சமஸ்தானம்.) காளிகிருஷ்ண தாகூர் கருவிகள் வாங்க 25,000 கொடுத்தார். அந்தக் காலத்தில் அதெல்லாம் மலை போன்ற தொகை.

கட்டடம் வந்தது, கருவி வந்தது. முழுநேரமாக உட்கார்ந்து ஆராய்ச்சி செய்ய ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பதற்கான நிலையான நிதி மட்டும் வரவில்லை. சர்க்கார் திரும்பத் திரும்பக் கேட்டும் பேராசிரியர் பதவிகளுக்குப் பணம் சேரவில்லை. தான் தோற்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டு 1904இல் காலமானார்.

மூன்று ஆண்டு கழித்து, 1907இல், நிதித் துறையில் வேலை பார்க்க வந்த திருச்சிப் பக்கத்து இளைஞர் ஒருவர் அந்தத் தெருவில் டிராமில் போகும்போது பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் ஆசுதோஷ் டே, அங்கே இருந்த உதவியாளர். ஆசு பாபு என்று கூப்பிடுவார்கள். சி.வி. ராமன் அதற்குப் பிறகு அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும் அங்கேயே கிடந்தார், ஆசு பாபு பல ஆண்டுகள் கூடவே இருந்தார். 1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு. 1930, நோபல்.

இந்தக் கதையை மேடையில் சொல்பவர்கள் ராமனைச் சொல்லி முடிப்பார்கள். எனக்கு இதில் உறைப்பது வேறு. 1876க்கும் 1907க்கும் நடுவில் முப்பது ஆண்டுக்கு மேல் அந்த நிறுவனம் தகுந்த ஆளுக்காகக் காத்திருந்தது. ஒரே ஒரு பேராசிரியர் சம்பளத்துக்கு யாராவது நிதி வைத்திருந்தால்? சம்பளம் கேட்காமல் ஒரு ராமன் டிராமிலிருந்து இறங்கி வருவார் என்று எந்தச் சங்கமும் திட்டம் போட முடியாது. அதோடு, கதவைத் திறக்க ஓர் ஆள் அங்கே இருந்தார் என்பதையும் மறக்கக் கூடாது.

அதனால் என் பரிந்துரை இதுதான்: ஆளுக்குக் கொடுங்கள். பகுதிநேர நூலகர் சம்பளம், இதழுக்கு மெய்ப்புப் பார்ப்பவர் ஊதியம், கணக்கு எழுதுபவர், ஆடிட்டர் கட்டணம், வாடகை, இணைய இணைப்பு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901 செப்டம்பர் 14 அன்று பாண்டித்துரைத் தேவர் தொடங்கியபோது விழாவோடு நிற்கவில்லை. படிக்கக் கலாசாலை, புத்தகத்துக்குப் பாண்டியன் புத்தகசாலை, எழுத 'செந்தமிழ்' இதழ், அதற்கு ரா. இராகவையங்காரை ஆசிரியராக அமர்த்தியது, மாணவர்களுக்குத் தேர்வுகள் என்று ஒரு துறை தொடர்ந்து மூச்சு விடத் தேவையானதையெல்லாம் யோசித்துச் செய்தார். அவர் காலமானது 1911இல். சங்கம் அவரோடு போய்விடவில்லை.

பீரோ, மின்விசிறி, ஒலிபெருக்கி, கல்வெட்டு இவற்றையெல்லாம் வாங்கித் தர ஊரில் எப்போதும் யாராவது கிடைப்பார்கள். பெயர் எழுத இடம் இருக்கிறதே! கரண்ட் பில்லின் மேல் யார் பெயரை எழுதுவது? அதனால்தான் அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

நான்காம் படி: நிபந்தனையைத் தளர்வாக வையுங்கள்

ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி 1796இல் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குக் கொடுத்தார். லண்டன் ராயல் சொசைட்டிக்கு 1,000 பவுண்டு, பாஸ்டனில் இருந்த அமெரிக்கக் கலை அறிவியல் கழகத்துக்கு 5,000 டாலர். வெப்பம் அல்லது ஒளி பற்றிய சிறந்த கண்டுபிடிப்புக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பரிசு தர வேண்டும். லண்டனில் சிக்கல் இல்லை. முதல் பதக்கத்தை அவருக்கே கொடுத்துவிட்டார்கள்!

பாஸ்டனில் மாட்டிக்கொண்டது. கண்டுபிடிப்பு அமெரிக்கக் கண்டத்திலோ அதன் தீவுகளிலோ நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தக் காலத்து அமெரிக்காவில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை. ஆண்டுகள் போயின, வட்டி ஏறிக்கொண்டே போயிற்று, பரிசு மட்டும் யாருக்கும் போகவில்லை. கடைசியில் 1830களின் தொடக்கத்தில் கழகத்தார் நீதிமன்றத்துக்குப் போய் நிபந்தனையைத் தளர்த்தி வாங்கினார்கள். முதல் பரிசு 1839இல் ராபர்ட் ஹேர் என்பவருக்குக் கிடைத்தது. கொடுத்து 43 ஆண்டு ஆகியிருந்தது, கொடுத்தவர் இறந்தே 25 ஆண்டு.

எங்கள் மஞ்சப்பையிலும் ஒரு குட்டி ரம்ஃபோர்டு இருந்தார். குறிப்பிட்ட ஒரே ஒரு சிற்றிலக்கியத்தைப் பற்றித்தான் ஆண்டுதோறும் பேச வேண்டும், பேசுபவர் எங்கள் மாவட்டத்துக்காரராக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். முதல் ஆறேழு ஆண்டுகளுக்குப் பிறகு பேசியவர்களே திரும்பப் பேசினார்கள், பேசியதையே.

ஆகவே நோக்கத்தை இரண்டு அடுக்காக எழுதுங்கள். மேலே உங்கள் விருப்பம். கீழே, அது நடைமுறைக்கு ஒவ்வாமல் போனால் சங்கம் தானே மாற்றிக்கொள்ள வழி. மாற்றும் அதிகாரத்தைச் செயற்குழுவிடம் தராமல் பொதுக்குழுவிடம் கொடுங்கள். வாரிசுகளின் சம்மதம் வேண்டும் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். முப்பது ஆண்டு கழித்து உங்கள் பேத்தி எந்த நாட்டில் இருப்பாள் என்று கண்டுபிடிக்க எந்தப் பொருளாளருக்கும் முடியாது. நான் பட்ட பாட்டைக் கடைசியில் சொல்கிறேன்.

ஐந்தாம் படி: எவ்வளவு? காகிதமும் பேனாவும் எடுங்கள்

ஆண்டுக்கு ஒரு நல்ல சொற்பொழிவு நடத்த இன்றைக்கு ஆகும் செலவை எழுதுவோம். பேச்சாளர் பயணமும் தங்கலும் 5,000, மதிப்பூதியம் 5,000, மண்டபம் 4,000, அழைப்பிதழ், ஒலிப்பதிவு 3,000, டீ, சுண்டல் 3,000. மொத்தம் 20,000 ரூபாய்.

வங்கியில் 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 20,000 ரூபாய் வட்டி வர ஏறக்குறைய 2,86,000 ரூபாய் போட வேண்டும். மூன்று லட்சம் கொடுத்தால் முடிந்தது என்று பெரும்பாலோர் நினைப்பது இந்தக் கணக்கில்தான். இதில் ஓட்டை இருக்கிறது. செலவு ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் 15 ஆண்டில் அதே சொற்பொழிவுக்கு ஏறக்குறைய 41,600 ரூபாய் ஆகும். வட்டியோ அதே 20,000தான். என் மஞ்சப்பைக் கதை அப்படித்தான் நடந்தது.

என்றைக்கும் தாங்க வேண்டுமானால் வரும் 7இல் 5ஐ முதலோடு சேர்த்து, 2ஐ மட்டும் செலவழிக்க வேண்டும். அப்போது 20,000 ரூபாய்க்கு முதல் 10 லட்சம் தேவை. இதிலும் ஒரு முடிச்சு: 12ஏபி பதிவுள்ள சங்கம் தன் மொத்த வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே குறிக்கோளுக்குச் செலவழித்தாக வேண்டும். மிச்சம் 15 சதவீதத்தைத்தான் தாராளமாகச் சேர்த்துவைக்கலாம். அதற்கு மேல் சேர்க்க வேண்டுமானால் இன்ன காரியத்துக்கு என்று தெரிவித்து, ஐந்து ஆண்டுக்குள் செலவழிக்கும் வழி இருக்கிறது. இந்தக் கணக்கு சங்கத்தின் முழு வருமானத்துக்கும் சேர்த்துப் போடுவது என்பதால் மற்ற செலவுகள் அதிகமாக இருக்கும் சங்கத்தில் உங்கள் வட்டியைச் சேர்த்துவைப்பது சிரமமாக இருக்காது. ஒற்றைச் சொற்பொழிவை நம்பி நடக்கும் சங்கத்தில் சிரமம். ஆடிட்டரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. எனக்கு மிகப் பிடித்தது அதுதான். என்றென்றைக்கும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். 2 லட்சம் கொடுத்து, முதலையும் வட்டியையும் சேர்த்தே செலவழிக்கச் சொல்லுங்கள். அதே 7 சதவீத வட்டி, அதே 5 சதவீத விலையேற்றத்தில் அந்தப் பணம் 11 ஆண்டு ஓடும். பத்து லட்சம் கொடுத்து என்றென்றைக்கும் ஒரு சொற்பொழிவு நடத்துவதா, அதே பத்து லட்சத்தில் 11 ஆண்டுக்கு ஐந்து காரியம் செய்வதா? ஒரு துறைக்கு எது உதவும் என்று கேட்டால் நான் இரண்டாவதைச் சொல்வேன். சங்கம் நன்றாக நடந்தால் பன்னிரண்டாம் ஆண்டு உங்கள் மகனோ வேறு யாரோ தொடர்வார்கள்.

ஆறாம் படி: கடிதமும் தீர்மானமும்

பணத்தை அனுப்புவதற்கு முன் கடிதம். மூலதன நிதியாக, அதாவது முதலைத் தொடாமல் அதன் வருமானத்தை மட்டும் செலவழிக்கும் நிதியாக, வைக்கச் சொல்லும்போது அது எழுத்தில் இருப்பது கட்டாயம். அப்படி எழுதியிருந்தால்தான் வருமான வரிக் கணக்கில் அந்தத் தொகை அந்த ஆண்டின் செலவழிக்க வேண்டிய வருமானமாகச் சேராது. 2021 முதல் அந்த நிதியைத் தனியாக, சட்டம் அனுமதித்த முதலீட்டில்தான் வைக்கவும் வேண்டும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"இத்துடன் அனுப்பும் 10,00,000 ரூபாயைச் சங்கத்தின் மூலதன நிதியாக வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். இதன் வருமானம் சங்க நூலகரின் ஊதியத்துக்கும் நூலகப் பராமரிப்புக்கும் பயன்பட வேண்டும். இந்த நோக்கம் நடைமுறைக்கு ஒவ்வாததாகிவிட்டது என்று பொதுக்குழு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் முடிவு செய்தால், சங்கக் குறிக்கோளுக்கு உட்பட்ட நெருங்கிய வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தலாம். அதற்கு என் ஒப்புதலோ என் வாரிசுகளின் ஒப்புதலோ தேவையில்லை. சங்கம் கலைக்கப்பட்டால் இந்நிதி இதே துறையில் இயங்கும் வேறொரு பதிவுபெற்ற சங்கத்தைச் சேர வேண்டும்."

முதலோடு செலவழிக்கச் சொல்கிறீர்கள் என்றால் 'மூலதன நிதி' என்ற சொல்லைப் போடாதீர்கள். இத்தனை ஆண்டுக்குள், இன்ன திட்டத்துக்கு என்று எழுதுங்கள். அப்போது வரிக் கணக்கில் அது வந்த ஆண்டின் வருமானமாகச் சேரும். அதனால் ஒரே மூட்டையாகக் கொடுக்காமல் ஆண்டுக்கு ஆண்டு பிரித்துக் கொடுப்பது சங்கத்துக்கு நிம்மதி.

கடிதத்தைச் செயற்குழு ஏற்றுத் தீர்மானம் போட வேண்டும், பொதுக்குழுவில் வைத்து மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அந்தப் பக்கத்தின் நகலை வாங்கி உங்கள் பத்திரங்களோடு வையுங்கள். இதைக் கேட்டால் நம்பிக்கை இல்லாத ஆள் என்று நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல பொருளாளர் மனசுக்குள் கும்பிடுவார்.

ஏழாம் படி: பணம் போகும் பாதை

காசோலை அல்லது வங்கிப் பரிமாற்றம். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்கு மேல் வரிக் கழிவு கிடையாது. 80ஜி ஒப்புதல் உள்ள சங்கத்துக்குக் கொடுத்ததில் பொதுவாகப் பாதித் தொகை கழிவுக்கு வரும், அதுவும் உங்கள் சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள். வருமான வரியில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் இந்தக் கழிவே இல்லை. இதைச் சொல்லாமல் '80ஜி இருக்குது சார்' என்று மட்டும் சொல்லி வசூல் செய்கிறவர்கள் அதிகம்.

சங்கம் தரும் சாதாரண ரசீது போதாது. உங்கள் பான் எண்ணோடு நன்கொடை விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31க்குள் அவர்கள் தாக்கல் செய்து, 10பிஇ சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும். தாக்கல் செய்யாவிட்டால் உங்கள் கழிவு நிற்காது. இந்த எண்களெல்லாம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்தும் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் எண்கள் வேறு. சங்க வட்டாரத்தில் 80ஜி என்ற பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க. இந்தியக் கடவுச்சீட்டு வைத்துக்கொண்டு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர் குடியுரிமையோ கனடா குடியுரிமையோ வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும் ஆகும். அந்தப் பணத்தை எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் தொடவே கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முதலில் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். பதிவுள்ள வேறொரு அமைப்பு வாங்கி இவர்களுக்குக் கைமாற்றித் தருவதும் அதே திருத்தத்தோடு நின்றுவிட்டது. உறவுக்காரர் கணக்கில் போட்டு அவர் மூலம் தருகிறேன் என்று யாரேனும் யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மாட்டப்போவது நீங்கள் நேசிக்கும் சங்கம்.

கம்பெனி வைத்திருப்பவர்கள் சிஎஸ்ஆர் நிதியை, அதாவது கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியை, தரலாம். சங்கத்துக்கு 12ஏபி, 80ஜி, சிஎஸ்ஆர்-1 பதிவு இருக்க வேண்டும், மூன்று ஆண்டு செயல்பட்ட வரலாறும் வேண்டும். 2021 முதல் சிஎஸ்ஆர் பணத்தை மூலதன நிதியாகக் கொடுக்க முடியாது, திட்டத்துக்குத்தான்.

எட்டாம் படி: கொடுத்த பிறகு

ஆண்டுக்கு ஒரு பக்கம் கேளுங்கள்: முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எதற்குப் போனது. அதற்கு மேல் கேட்காதீர்கள். மேடையில் நடு நாற்காலி, யார் பேச வேண்டும் என்ற யோசனை, மருமகனுக்கு நூலகர் வேலை எல்லாம் வேண்டாம். பெரிய தொகை கொடுத்தவருக்கோ அவர் உறவினருக்கோ சங்கத்திலிருந்து ஆதாயம் போனால் வரி விலக்குக்கே ஆபத்து வரும்படி சட்டம் இருக்கிறது. நீங்களே செயற்குழுவில் இருந்தால் உங்கள் நிதி பற்றிய விவாதம் வரும்போது எழுந்து வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

இனி அந்த மஞ்சப்பை. 11 நிதிகளையும் சேர்த்தால் 60,000 ரூபாய், வட்டி 3,900. எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஆண்டுக்கு ஒரே ஒரு சொற்பொழிவு, பேச்சாளருக்குப் பயணச் செலவோடு, நடத்தலாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்தோம். அதற்கு முன் குடும்பங்களின் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் பிடிவாதமாக நின்றார்கள். எட்டு மாதம் அலைந்தேன். பழைய முகவரிகளில் மூன்று வீடு இடிக்கப்பட்டு அடுக்ககமாகியிருந்தது. ஒரு குடும்பத்தைக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை வைத்துப் பிடித்தோம். ஒன்பது பேர் கையெழுத்துக் கிடைத்தது, இரண்டு குடும்பத்தை இன்றுவரை காணோம். அந்த இரண்டுக்கும் செய்தித்தாளில் அறிவிப்புக் கொடுத்துவிட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றினோம். அறிவிப்புக்கு ஆன செலவு அந்த இரண்டு நிதியின் மூன்று ஆண்டு வட்டி.

கையெழுத்துப் போட்ட அம்மா ஒருவர், எழுபதைத் தாண்டியவர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அழைப்பிதழ்ல அப்பா பேரு வருமா தம்பி?" வரும் என்றேன். இப்போது அழைப்பிதழின் அடியில் 11 பெயர்களும் வரிசையாக இருக்கின்றன, கூட்டம் தொடங்கும் முன் அவற்றை ஒருவர் வாசிக்கிறார், ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. முதல் ஆண்டு எழுத்து ரொம்பப் பொடிசாக இருக்கிறது என்று அந்த அம்மாவே போன் செய்தார். மறு ஆண்டு இரண்டு பாயிண்ட் கூட்டச் சொல்லிவிட்டோம்.